ஏழாங்கட்டைத் தோட்டத்து எதிரிகள்

இந்த நாட்டின் ராணுவ ஆவணங்களில் என் பெயர் பதினேழாம் கணு. வீட்டில் காளியண்ணன். தேயிலை வெட்டும் மிஷினின் ஒரு முனையை நானும் மறுமுனையை நேப்பாளத்து பகதூரும் பிடித்துக்கொண்டு பதினொரு வருடமாக ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஏறி இறங்குகிறோம். பகதூர் பதினெட்டாம் கணு. நாங்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் ஒரு தேசத்தைத் தாக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம் என்பது எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதையும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்களைப் பற்றி நானூறு பக்கத்தில் ஓர் அறிக்கை இருக்கிறது. அதில் ஒரே ஒரு பத்திதான் உண்மை. அது எது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர்கள் யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கள் தோட்டம் கோலா தெர்லா என்ற சிற்றூரிலிருந்து மலைக்குள் பிரிகிற பாதையில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. கைப்பேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பாட்டுக் கேட்கவும், மணி பார்க்கவும், கரண்டு போனால் விளக்கடிக்கவும் பயன்படும். பேச வேண்டுமென்றால் ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் முனியாண்டி கல்லுக்கு ஏற வேண்டும். இருபத்தைந்து நிமிட ஏற்றம். அங்கே இரண்டு கோடு சிக்னல் வரும். இரண்டு பேர் பேசலாம். மூன்றாவது ஆள் கைப்பேசியை எடுத்தால் இருந்த இரண்டு கோடும் போய்விடும்.

முன்பெல்லாம் காலையில் பெரட்டு, அதாவது பேர் கூப்பிடுவது, களத்தில் நடக்கும். கங்காணி கூப்பிடுவார், நாங்கள் குரல் கொடுப்போம். ஒருத்தன் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவன் மூக்கை அடைத்துக்கொண்டு அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். இதைக் கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். பிறகு கம்பெனி பெரட்டைக் கைப்பேசிக்குள் போட்டுவிட்டது. காலை ஆறரைக்குள் அவரவர் அடையாள எண்ணை அடித்து, ரகசியச் சொல்லை அடித்து, ‘வந்தேன்’ என்று அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் விழாது. தோட்டத்து மேனேஜர் துரை கூட்டம் போட்டு, “இனிமே யாரும் களத்துக்கு நடந்து வர வேணாம், ஒக்காந்த எடத்துலயே பெரட்டு” என்று சிரித்தபடி சொன்னார். லயத்தில் சிக்னல் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, டீ கொடுத்தார்கள் என்பதால்.

எங்களைக் காப்பாற்றியது விக்னேஸ்வரி அக்கா. பேக்டரியில் தூள் சலிக்கிற பிரிவில் இருக்கிறார். எப்படியும் தினமும் முனியாண்டிக்கு விளக்கு வைக்க மேலே ஏறுகிறவர். அறுபத்து மூன்று பேரும் எங்கள் எண்களை அவரிடம் கொடுத்துவிட்டோம். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். ரகசியச் சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும் என்று அந்தச் செயலி அடம்பிடித்தது. அக்கா எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போட்டார்: முனியாண்டி, அதன் பின்னால் ஒன்று.

“சாமி பேரு, ஒரு நம்பரு. எவன் மறக்கப் போறான்?”

காலை ஐந்து நாற்பதுக்குக் கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரே கைப்பேசியில் அறுபத்து மூன்று பேருக்கும் அக்கா ‘வந்தேன்’ சொல்வார். மூக்கை அடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் மட்டும் இல்லை.

இப்படி இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது. நான் நிம்மதி இழந்தது ரூபினியால். ரூபினி என் மனைவி. ஒன்பது வருடம் கோயில் கோயிலாக ஏறி, கிளினிக் கிளினிக்காக இறங்கி, கடைசியில் உண்டாகியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயம் வந்தது. அடுத்த வீட்டு மாரியம்மா அக்கா போன வருடம் அடுப்படியில் விழுந்தபோது அவர் மகன் கல்லுக்கு ஓடித்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் குற்றமில்லை. கூப்பிட்டதே தாமதம். உயிர் பிழைத்தார், ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ரூபினி அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

தேசிய வலையமைப்புத் தற்காப்பு ஆய்வு நிதியம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கூடை கொழுந்து பறித்துவிடலாம். நான்கு பச்சை லாரிகளில் வந்து, பூட்டிக் கிடந்த பழைய ஆயாக் கொட்டகையை எடுத்துக்கொண்டார்கள். முன்பு லயத்துப் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு வளர்த்த இடம். அதைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி, கூரையில் மூன்று வெள்ளைத் தட்டு, வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், மூன்று மொழியில் ஒரு பலகை: ‘இங்கே ரகசிய வேலை எதுவும் நடைபெறவில்லை. படம் எடுக்காதீர்.’ சிப்பாய்கள் தெரசம்மாள் கடையில் நாசி லெமாக் வாங்குவார்கள். ஒரு வாரத்தில் தெரசம்மாளுக்கு எல்லா ரகசியமும் தெரிந்துவிட்டது. யாரோ நாட்டைக் கம்ப்யூட்டர் வழியாகத் தாக்குகிறார்களாம், அது இந்த மலையிலிருந்துதானாம். அரசாங்கம் இதை ஆராய்வதற்குக் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறதாம்.

“நம்ம மலையிலயா? எந்தக் கட்டையில போறவன்லா அவன்?” என்று நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம்.

எனக்கு எதிரியைப் பற்றிக் கவலையில்லை. கூரையில் மூன்று தட்டு இருக்கிறது என்பதுதான் கண்ணில் பட்டது. என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆபீஸ் கிராணி அருள்சாமியிடம் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு போனேன். சிப்பாய் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, அதை ஒரு கருவியில் காட்டி, திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டான்.

ஆய்வுத் தலைவர் டாக்டர் புவனேஸ்வரன் நம் ஆள், கோலாலம்பூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஐந்து அடையாள அட்டை தொங்கியது. ஒன்று அவருடையது, மற்ற நான்கும் அந்த ஒன்றைப் போட்டுக்கொள்ள அனுமதி. மனுவைப் படித்துவிட்டு மிகவும் இரக்கமாகப் பேசினார்.

“காளியண்ணன், ஒங்க கஷ்டம் எனக்கு நல்லா புரியுது. இங்க ஃபுல் சிக்னல் இருக்கு. ஒண்ணு செத்தா இன்னொண்ணு, அதுவும் செத்தா மூணாவது. ஆனா இது மக்களப் பாதுகாக்குற நெட்வொர்க்கு. இதுல மக்களே வந்து பேச ஆரம்பிச்சா அப்புறம் மக்கள யாரு பாதுகாக்குறது?”

“ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் அடிக்கத்தான் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. மொதல்ல ஆம்புலன்ஸு. அப்புறம் மாமியாருக்கு.”

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் எங்கள் மலை பச்சையாகத் தெரிந்தது. ஒன்பதாம் நம்பருக்கு மேலே சிவப்புப் புள்ளிகள் ஈ மொய்த்தது போல இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கேட்க ஆள் கிடைப்பது அரிது போலிருக்கிறது.

“அறுபத்து மூணு கணு, அதாவது நெட்வொர்க்குல அறுபத்து மூணு முனை. தெனமும் காலையில சரியா அஞ்சு நாப்பதுக்குத் தாக்குது. ஒரே ரகசியச் சொல்லு, ஒரே எடம். மூணு நாட்டுக்காரன் சேந்து செய்யிறான். நம்ம நாட்டு அடையாள அட்டை இருக்கு, நேப்பாள் இருக்கு, வங்காளதேஷ் இருக்கு. பன்னாட்டுச் சதி. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒழுக்கமான எதிரி. ஞாயித்துக்கெழம தாக்குறதில்ல. நோன்புப் பெருநாளுக்கு ஒரு பிரிவு மட்டும் தாக்கல. போன வருஷம் அக்டோபர்ல ரெண்டு நாளு யாருமே தாக்கல. இந்தக் கட்டுப்பாடு ராணுவப் பயிற்சி இல்லாம வராது.”

“அது தீபாவளி லீவு சார்,” என்றேன்.

“எது?”

“அந்த ரெண்டு நாளு. கம்பெனி லீவு. மத்த நாளு எல்லாம் எங்க பெரட்டு சார். விக்னேஸ்வரி அக்கா கல்லுல ஒக்காந்து பேர் போடுவாங்க. அந்தச் சொல்லு எங்க முனியாண்டி சாமி பேரு.”

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, சாத்திய கதவைப் பூட்டினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் நெற்றியில் மெலிதாக விபூதிக் கோடு இருந்தது. முனியாண்டி யார் என்று தெரியாத ஆளில்லை.

“இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“எல்லாருக்கும் தெரியுமே சார்.”

“இங்க பாருங்க. நிதி வந்தாச்சு. கட்டடம் எடுத்தாச்சு. பதினாலு பேரு வேலை செய்யிறாங்க. ரெண்டு பேரு இத வச்சு டாக்டர் பட்டம் வாங்கப் போறாங்க. இந்த நேரத்துல வந்து எதிரி இல்லன்னு சொன்னா, அதுதான் நாட்டுக்குப் பெரிய ஆபத்து.”

மறுநாள் விக்னேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும், வாய்ப்பாட்டின் மேலும், ‘மிக இரகசியம்’ என்று சிவப்பு முத்திரை குத்தினார்கள். பிறகு அது மிக இரகசியமாகிவிட்டதால் அக்கா பார்க்கக்கூடாது என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலை அறுபத்து மூன்று பேருக்கும் பேர் விழவில்லை. லயமே அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தியது. ஆயாக் கொட்டகையிலும் அன்றைக்குக் கத்தல்தான். ஐந்து நாற்பதுக்குத் தாக்குதல் வரவில்லை. திரை வெறுமையாக இருந்ததாம். அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்களாம், எதிரிக்கு உடம்பு சரியில்லையா என்று.

சாயங்காலமே டாக்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கூடவே பன்னிரண்டு பக்கப் படிவம். ரகசியக் கோப்பைப் பார்க்க அனுமதி கேட்கும் விண்ணப்பம்.

“எதிரியோட தொடர்பு இருக்கான்னு ஒரு கேள்வி இருக்குக்கா.”

“யாரு எதிரி?” என்று அக்கா கேட்டார்.

“நீங்கதான்.”

“அப்ப தொடர்பு இருக்கத்தான் செய்யும். இருக்குன்னு போட்டுக்க.”

“போட்டா அனுமதி கெடைக்காதுக்கா.”

“சரி, இல்லன்னு போடு.”

“அப்படிப் போட்டா நீங்க எதிரி இல்லன்னு ஆயிடும். அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்?”

அக்கா என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ள நல்லாப் படிச்ச புள்ளதானேலா?” என்றார்.

கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அக்காவுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் படம், முத்திரை, அதன் கீழே ‘தற்காலிக எதிரி – ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்கது.’ அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். அவர் வாழ்க்கையில் அரசாங்கம் படம் போட்டுக் கொடுத்த இரண்டாவது அட்டை அது.

சரி, அவர்களுக்கு நாம் தேவைப்படுகிறோம் என்று தெரிந்துவிட்டது. இனி கேட்டால் கிடைக்கும் என்று நினைத்தேன். ரூபினிக்கு எட்டாவது மாதம். அக்காவே நேரில் போய்க் கேட்டார், லயத்துக்கு ஒரு டவர் போட்டுக் கொடுங்கள் என்று. டாக்டர் ஒரு வாரம் ஆராய்ந்து பதில் சொன்னார். ஆராய்ச்சிக்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட வரவழைத்திருந்தார்.

“டவர் போட முடியாதுக்கா. டவர் வந்தா எல்லாரும் அவங்கவங்க போன்ல அவங்கவங்க வீட்டுலேருந்து பேர் போட்டுக்குவாங்க. அப்ப எதிரி என்ன ஆவாரு? செதறிப் போயிடுவாரு. ஒரு நல்ல எதிரிய உருவாக்க எவ்வளவு வருஷம் ஆகும் தெரியுமா? சும்மா ஒரு பிரசவத்துக்காக நாட்டோட பாதுகாப்ப விட்டுக் குடுக்கச் சொல்றீங்க.”

சும்மா ஒரு பிரசவம். எனக்கு ஒன்பது வருடம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஐந்து அட்டைக் கயிற்றையும் பிடித்து இறுக்கியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். “தாப்பாலா காளி, பரவால்ல. நேரம் வரும்,” என்றார். வீட்டுக்கு வந்து ரூபினியிடம் டவர் வரப்போகிறது என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் நம்பியது போலச் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

மாதக் கடைசியில் பெரிய விசேஷம் வைத்தார்கள். நிதியத்தின் குழு புத்ராஜெயாவிலிருந்து நேரில் வந்து தாக்குதலைக் கண்ணால் பார்க்கப் போகிறது. பார்த்துத் திருப்திப்பட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு நிதி. மலைப்பாதைக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள், பூந்தொட்டி வைத்தார்கள். டாக்டர் முந்தின நாளே அக்காவிடம் வந்து, “நாளைக்கு மட்டும் கரெக்டா அஞ்சு நாப்பதுக்கு ஆரம்பிச்சிடுங்கக்கா. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆனாலும் எதிரிமேல மரியாதை போயிடும்,” என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

அன்று காலை ஐந்து மணிக்கு ரூபினிக்குப் பனிக்குடம் உடைந்தது. இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் விளக்கும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். விளக்கைக் கீழே வைத்துவிட்டு என்னோடு ஓடி வந்தார். ரூபினியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இது சீக்கிரம் போவுதுலா. நான் இவள விட்டு நகர மாட்டேன். நீ போயி காடிக்கு வழி பண்ணு.”

தோட்டத்து வேனைத் தேடிப் பேக்டரிவரை ஓடினேன்; அது குழுவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு வர பிரிஞ்சாங் போயிருந்தது. கல்லுக்கு ஏற இருபத்தைந்து நிமிடம். நான் ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன்.

சிப்பாய் செருப்பைக் கழற்றச் சொன்னான். நான் செருப்பே போட்டிருக்கவில்லை. எதைச் சோதிப்பது என்று தெரியாமல் அவன் விழித்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்துவிட்டேன்.

உள்ளே வெல்வெட் நாற்காலிகளில் ஒன்பது பெரிய மனிதர்கள். கையில் கரிபாப் பலகாரம். பக்கத்தில் மீசை வைத்த ஒரு கர்னல். மணி ஐந்து நாற்பத்து நான்கு. திரையில் எங்கள் மலை பச்சைப் பசேலென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடந்தது. டாக்டர் புவனேஸ்வரன் வியர்த்து ஊற்றப் பேசிக்கொண்டிருந்தார். எதிரி தாமதிப்பதும் ஒரு தாக்குதல் உத்தியே, நாம் காத்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இதுவே ஆபத்தின் அளவைக் காட்டுகிறது என்று. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எதிரி வரலைன்னா நிதி எதுக்கு?” என்று மலாயில் கேட்டார். அந்த அறையில் அதுவரை பேசப்பட்டதில் அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

என்னைப் பார்த்ததும் டாக்டர் பாய்ந்து வந்து ஓரமாக இழுத்தார். “அக்கா எங்க?”

“என் பொண்டாட்டிகிட்ட. பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சு சார். காடி வேணும். டாக்டருதானே, நீங்களாச்சும் வந்து பாருங்க!”

“நான் அந்த டாக்டர் இல்லலா!” என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். பிறகு அவருக்கு வேறொன்று புரிந்தது. ரூபினி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அக்கா நகர மாட்டார். அக்கா நகராமல் தாக்குதல் இல்லை. கர்னலின் காதில் ஏதோ சொன்னார். கர்னல் உடனே எழுந்தார். ஐந்தே நிமிடத்தில் கூரையில் வெள்ளைத் தட்டு வைத்த ராணுவ வண்டி எங்கள் லயத்து வாசலில் நின்றது. நாட்டின் தற்காப்பு அவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை.

பின்னால் ரூபினி படுத்துக்கொண்டாள். அவள் தலை என் மடியில். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார், மடியில் நோட்டு மூடியபடி. முன்னால் டிரைவரோடு கர்னலும் டாக்டரும். வண்டி பறந்தது. அதற்குள்ளேயே ஃபுல் சிக்னல். கர்னல் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் சொன்னார், கர்ப்பிணி வருகிறாள், வாசலில் நில்லுங்கள் என்று. அதற்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

கோலா தெர்லா வந்தபோது மணி ஆறு. ஆறரைக்குப் பெரட்டு மூடிவிடும். அறுபத்து மூன்று பேர் அங்கே லயத்தில் எதுவும் தெரியாமல் ரொட்டி தின்றுகொண்டிருப்பார்கள்.

“அக்கா, ஆரம்பிங்கக்கா,” என்றார் டாக்டர். “சிக்னல் இருக்கு. தாக்குங்கக்கா.”

அக்கா நோட்டைத் திறக்கவில்லை. “டவரு,” என்றார்.

“அத அப்புறம் பேசலாம்க்கா.”

“இவ பொழைச்சுக்குவா, காடியில ஏத்தியாச்சு. அடுத்தவ யாரு? அப்ப ஒங்க விசேஷம் இருக்காது, காடி வராது. டவரு போடறேன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா இன்னிக்கி எதிரி லீவு.”

“அறுபத்து மூணு பேரு சம்பளம் போயிடும்க்கா!”

“போவட்டும். ஒரு நாளு சம்பளம். நான் வந்து அவங்க கால்ல விழுந்துக்கிறேன்.”

ஆறு ஐந்து. திரிங்காப் தாண்டியது. ரூபினி கத்தியபடி என் விரலைக் கடித்தாள். எனக்கு டவரும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம் என்றிருந்தது. கர்னல் திரும்பி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். டாக்டர் மென்று விழுங்கிச் சொன்னார். கர்னல் விசேஷத்தின் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். “எத்தனை அடி உயரம்?” என்று மட்டும் கேட்டார்.

“கெடைக்கிற ஒசரம்,” என்றார் அக்கா. பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா நானும் வாக்கு குடுக்கிறேன் தம்பி. டவரு வந்தாலும் ஒங்க எதிரி எங்கயும் போவாது.”

கையெழுத்து விழுந்ததும் அக்கா நோட்டைத் திறந்தார். ஒரு கை ரூபினி பிடியில், மறு கை கைப்பேசியில். முனியாண்டி ஒன்று, முனியாண்டி ஒன்று, முனியாண்டி ஒன்று. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் ரூபினியிடம், “மூச்ச விடும்மா, விடு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆயாக் கொட்டகையில் அந்த நேரம் நடந்ததைச் சிப்பாய் பிறகு தெரசம்மாளிடம் சொன்னான். வெறும் பச்சையாக இருந்த திரையில் திடீரென்று ஒரு சிவப்புப் புள்ளி. ஆனால் மலையில் இல்லை, பெரிய சாலையில்! பிறகு இரண்டு, ஐந்து, இருபது. ஓடுகின்றன! கரிபாப்பைக் கீழே போட்டுவிட்டு ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எதிரி தெற்கு நோக்கி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறினான். கியா பார்மில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று குறுக்கே திரும்பியதால் நான்கு நிமிடம் நின்றான்; அது ஆலோசனைக் கூட்டம் என்று குழு முடிவு செய்தது. பிரிஞ்சாங்கைத் தாண்டினான். அறுபத்து மூன்றாவது புள்ளி ஆறு இருபத்தெட்டுக்கு தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் எரிந்தபோது குழுத் தலைவர் கைதட்டிவிட்டாராம்.

ஆறு ஐம்பதுக்கு எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டர் புவனேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதார். அவருக்கு அப்போதுதான் நிதி உறுதியான செய்தி வந்திருந்தது.

டவர் மூன்று மாதத்தில் வந்தது. மலையில் ஒரு டவர் வர எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நிதியத்தின் திட்டத்தில் அது ‘எதிரிக்கான அடிப்படை வசதிகள்’ என்ற தலைப்பில் இருக்கிறது. வாக்காளர்களுக்கான தலைப்பில் கேட்டிருந்தால் இன்னும் மனு எழுதிக்கொண்டுதான் இருப்போம். திறப்பு விழாவில் டாக்டர் பேசினார்: “எதிரியின் நலனில் அக்கறை காட்டாத எந்த நாடும் தன்னைத் தற்காத்துக்கொண்டதாக வரலாறு இல்லை.” மாரியம்மா அக்காவும் கைதட்டினார், பாதி வாயால் சிரித்தபடி.

இப்போது லயத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் நான்கு கோடு சிக்னல். படுக்கையில் கிடந்தபடியே அவரவர் பேரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அக்கா கொடுத்த வாக்கு எங்கள் எல்லாருக்குமான வாக்கு. தினமும் காலை ஐந்து நாற்பதுக்குப் பைக்குள் அவரவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு அறுபத்து மூன்று பேரும் பழைய பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறோம். அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார், நாங்கள் குரல் கொடுக்கிறோம், அவர் ஒரே கைப்பேசியில் தாக்குகிறார். யாராவது தூங்கிவிட்டால் பகதூர் மூக்கை அடைத்துக்கொண்டு குரல் கொடுப்பான். முள்கம்பிக்குப் பின்னால் பதினான்கு பேர் அதைக் குறித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் டாக்டர் புதிய அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். நானூறு பக்கம். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். இவ்வளவு நாள் நடித்தாலும் இது நிஜமாகவே பயமாக இருக்கிறது, புத்ராஜெயாவில் கவலைப்படுகிறார்கள் என்றார். கிளினிக் நர்ஸ் சொல்லி, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தையெல்லாம் கைப்பேசியில் ஒரு செயலியில் குறிப்பவள் ரூபினி. அதில் பிள்ளையின் பேரைப் பதிந்து கொடுத்தது விக்னேஸ்வரி அக்கா. ரகசியச் சொல் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

நான் சத்தமாக வாசித்தேன்.

“அறுபத்து நான்காம் கணு. புதிதாகச் சேர்ந்தது. மற்ற கணுக்களின் கட்டுப்பாடு இதற்குக் கிடையாது. இரவு முழுவதும் விழித்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் எதையும் மதிப்பதில்லை. இதன் கோரிக்கை என்னவென்று யாருக்கும் புரியவில்லை. எதிர்த்து நிற்க நம்மிடம் வழி ஏதுமில்லை.”

மாதக்கணக்காகத் தூங்காத ரூபினி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இது மட்டும் சரியாத்தான்லா எழுதியிருக்காங்க,” என்றாள்.